விண்டோஸ் எக்ஸ்பியும் அதன் காவலும்

பயன்படு பொருள்கள் பலவும் காலத்தால் தேய்வன. அரிவாள் மழுங்கும், வண்டிச் சில்லு ஆட்டங்கொள்ளும், கூரை ஒழுகும். கணினியின் மென்பொருளோ அவ்வாறு தேய்வதன்று. 2001ஆம் ஆண்டில் எழுதப்பெற்ற நிரலொன்று அன்று எங்ஙனம் கூட்டிக் கழித்ததோ அங்ஙனமே இன்றும் கூட்டிக் கழிக்கும். அதன் ஓரெழுத்தேனும் மாறியிராது. ஆகவும், பழைய மென்பொருளைக் கையாளுதல் இடருடைத்து என்று அத்துறை வல்லார் இடித்துரைப்பது எற்றுக்கு எனும் ஐயம் எழுதல் இயல்பே. பூட்டு மாறவில்லை; அதன் உள்ளமைப்பை அறிந்து கள்ளத் திறவுகோல் செய்வோர் பெருகிவிட்டனர்; பழுது கண்டபோதெல்லாம் செப்பனிட்டுத் தந்த கொல்லனும் கடையை அடைத்துவிட்டான். விண்டோஸ் எக்ஸ்பி எனும் பணிசெயல் முறைமையின் வரலாறு இவ்வுண்மையை விளக்குதற்கு மிகவும் ஏற்றதாகும். இன்றும் சில வீடுகளிலும் அச்சகங்களிலும் ஆய்வுகூடங்களிலும் அது இயங்குதலின், அதனைக் காக்கும் வழியும் ஆராயத்தக்கதே.

பணிசெயல் முறைமை என்பது கணினியின் வன்பொருளுக்கும் அதனைப் பயன்படுத்துவோர் இயக்கும் நிரல்களுக்கும் இடையே நின்று இரண்டையும் ஆளும் அடிப்படை மென்பொருள். யார் உள்ளே புகலாம், எந்நிரல் எக்கோப்பைத் தொடலாம் என்பவற்றை வகுப்பதும் அதுவே. மைக்ரோசொப்ற் நிறுவனம் 2001ஆம் ஆண்டு வரை இருவேறு குடும்பங்களைச் சேர்ந்த முறைமைகளை விற்று வந்தது. விண்டோஸ் 95, 98 முதலியன வீட்டுக் கணினிக்குரியவை, என்.ரி. எனும் பெயர் பூண்ட மரபு அலுவலகங்களுக்குரியது. முன்னையதில் பயனர்க்கிடையே உண்மையான வேலி எதுவுமில்லை. பின்னையது பலர் ஒருங்கு பயன்படுத்துவதற்கென்றே அமைக்கப்பட்டமையால், கணக்கு, உரிமை, கோப்புக் காவல் என்பவற்றை உடையது. 2001 ஒக்டோபர் 25ஆம் நாள் விற்பனைக்கு வந்த எக்ஸ்பி, அவ்வலுவலக மரபின் உறுதியான அடித்தளத்தின்மீது வீட்டுக்குரிய எளிமையை ஏற்றி வைத்தது. ஆகவே கட்டமைப்பளவில் அது தனக்கு முந்திய வீட்டு முறைமைகளினும் பாதுகாப்பிற் சிறந்தது என்பதை மறுத்தல் இயலாது. அதற்கு நேர்ந்த கேட்டில் கட்டமைப்பினும் பெரும்பங்கு, அக்கட்டமைப்பு வழங்கிய காவலை எளிமையின் பொருட்டுத் தளர்த்திவிட்டமைக்கே உரியது.

அத்தளர்ச்சி மூவிடத்துக் காணப்பட்டது. எக்ஸ்பியை முதன்முதல் நிறுவுங்கால் உண்டாக்கப்படும் பயனர் கணக்குகள் யாவும் நிருவாகி உரிமை பெற்றன, கடவுச்சொல்லும் வேண்டப்படவில்லை. வீட்டுப் பதிப்பில் 'நிருவாகி' எனும் மறைவான கணக்கொன்று கடவுச்சொல் இன்றியே கிடந்தது. கணினியைப் பாதுகாப்பு நிலையில் தொடக்குவார் எவரும் அதன்வழி உள்ளே புகலாம். நிருவாகி உரிமையுடன் இணையத்திற் புகுவோன் ஒருவன் தீய நிரலொன்றை அறியாது இயக்குவானாயின், அந்நிரலும் அவனது உரிமை முழுவதையும் பெற்றுவிடும். இல்லத்தலைவன் தன் வீட்டுச் சாவிக்கொத்தை வழிப்போக்கனிடம் நீட்டுவது போன்றது இது.

இரண்டாவது, கணினி வலையமைப்பில் இணைந்தவுடன் பல சேவைகள் தாமே விழித்துப் பிறர் அழைப்புக்குக் காத்திருந்தமை. வலையமைப்பிற் சேர்ந்த கணினி ஒவ்வொன்றும் எண்ணிடப்பட்ட துறைகள் பலவற்றை உடையது. துறை 135, துறை 445 என்றாற்போல வழங்கும் இவற்றின் வழியே பிற கணினிகளின் செய்திகள் உள்ளே வரும். கோப்புகளைப் பகிர்தற்கும் அச்சுப்பொறியைப் பொதுவாக்குதற்கும் இவை வேண்டப்படுவன. ஒரே ஒரு கணினியை மட்டும் வைத்திருக்கும் வீட்டுக்கோ இவற்றுட் பெரும்பாலானவற்றால் யாதொரு பயனுமில்லை. பயனில்லாத வாயிலும் வாயிலே. மூன்றாவது, வெளியார் அழைப்பைத் தடுக்கும் தீச்சுவர் ஒன்று எக்ஸ்பியில் முதலிலிருந்தே அமைந்திருந்தும், அது பொதுவாக அணைத்தே வைக்கப்பட்டிருந்தமை.

இதன் விளைவு 2003ஆம் ஆண்டில் உலகறியப் புலப்பட்டது. அவ்வாண்டு யூலை 16ஆம் நாள், துறை 135இன் வழியே செய்தி பெறும் சேவையில் ஒரு வழு உளதெனவும், அதனைப் பயன்படுத்தி எவரும் தொலைவிலிருந்தே கணினியைக் கைப்பற்றலாம் எனவும் மைக்ரோசொப்ற் அறிவித்து, அதற்குரிய திருத்தத்தையும் வெளியிட்டது. ஓகஸ்ட் 11ஆம் நாள் 'பிளாஸ்ரர்' எனும் புழு பரவத் தொடங்கிற்று. இடையே கழிந்தவை 26 நாள்கள். புழு என்பது பயனர் எதனையும் திறவாமலே தானே ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் நிரல். இணையத்தில் இணைந்திருந்தமையன்றி வேறு குற்றம் யாதும் செய்யாத கணினிகள் அதன் வாய்ப்பட்டன. தாக்குண்ட சேவை நிலைகுலைந்தவுடன், இன்னும் 60 விநாடிகளில் கணினி அணையும் என்னும் அறிவிப்புத் திரையில் தோன்றும்; மீண்டும் தொடக்கினால் மீண்டும் அதுவே. திருத்தத்தை இணையத்திலிருந்து பெறுதற்கு அவ்வொரு நிமிடம் போதாது. பெறாமல் இணையத்தில் நிலைத்தலோ இயலாது. மருந்தை வாங்கப் போகும் வழியிலேயே நோய் மறித்து நின்றது எனலாம்.

திருத்தத்துக்கும் தாக்குதலுக்கும் இடையே உள்ள அவ்விடைவெளி ஆழ்ந்து நோக்கற்பாலது. திருத்தம் வெளியாகும்போது, அது எவ்விடத்தை மாற்றுகின்றது என்பதைப் பழைய நிரலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் எவரும் குறை இருந்த இடத்தை அறிந்துகொள்வர். ஒட்டுப்போட்ட இடமே கிழிசல் இருந்த இடத்தைக் காட்டிவிடுகின்றது. ஆகவே திருத்தத்தைப் பெற்றோர்க்கு அது கவசம். பெறாதோர்க்கு அதுவே பகைவனுக்கு எழுதிய வழிகாட்டி. பழைய முறைமை பற்றிய இடர் முழுவதும் இவ்வொரு கருத்தில் அடங்கும். இது பின்னரும் வேண்டப்படும். பிளாஸ்ரர் பரவிய ஒரு வாரத்துள் 'வெல்ச்சியா' எனும் மற்றொரு புழுவும் தோன்றி, பிளாஸ்ரரை நீக்கித் திருத்தத்தையும் தானே நிறுவ முயன்றது. நல்லெண்ணம் போலும்! ஆயினும் அது எழுப்பிய செய்தி வெள்ளத்தால் வலையமைப்புகள் பல திணறின. அழையாது வந்து மருத்துவம் பார்த்தானும் அத்துமீறியவனே.

அடுத்த ஆண்டு ஏப்பிரல் 13ஆம் நாள் வேறொரு திருத்தம் வெளியாயிற்று. அம்மாதம் முடிவதற்குள் 'சாசர்' எனும் புழு அதே குறையைப் பற்றிப் பரவிற்று. 26 நாள் 17 ஆகச் சுருங்கியது.

எளிமையின் பொருட்டுக் காவலைத் தளர்த்தியமையின் விலை இப்போது தெளிவாயிற்று. 2004 ஓகஸ்ட் மாதத்தில் வெளியான இரண்டாம் சேவைப் பொதி, பெயரளவில் திருத்தத் தொகுதியாயினும் உண்மையில் ஒரு புது முறைமைக்கு நிகரானது. தீச்சுவர் இயல்பாகவே எரிந்து நிற்கும்படி அமைக்கப்பட்டது. கணினி தொடங்கும்போது வலையமைப்பு விழித்தும் தீச்சுவர் விழியாத சிறு இடைவெளியும் அடைக்கப்பட்டது. தரவுக்குரிய நினைவகப் பகுதியில் கட்டளைகள் இயங்காவாறு தடுக்கும் காப்பும் சேர்க்கப்பட்டது. தாக்குவோர் தம் கட்டளைகளைத் தரவு போல் வேடமிட்டு உள்ளே அனுப்பி, பின் அவற்றை இயங்கச் செய்தலே அக்கால வழக்கமாதலின், இக்காப்பு மிக்க பயனுடையது. ஆயின் அதற்கு ஏற்ற செயலி வேண்டும். மேலும் அது முறைமையின் இன்றியமையாத நிரல்களுக்கு மட்டுமே இயல்பாக ஏவப்பட்டிருந்தது. எல்லா நிரல்களுக்கும் அதனை விரித்தல் பயனர் கையில் உள்ளது. நிரல்கள் நினைவகத்தில் அமரும் இடத்தை ஒவ்வொரு முறையும் மாற்றி வைத்துத் தாக்குவோனைத் திகைப்பிக்கும் உத்தியோ எக்ஸ்பிக்குக் கடைசி வரை வாய்க்கவில்லை. அது 2007ஆம் ஆண்டு சனவரியில் விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்தாவிலேதான் முதன்முதல் அமைந்தது. பிற்காலத்து ஒட்டு எதனாலும் ஈடு செய்தற்கரிய குறை இது.

தீச்சுவர் முன்வாயிலை அடைத்தது. பகைவர் பின்வாயிலை நாடினர். 2008 நவெம்பரில் தோன்றிய 'கொன்பிக்கர்' புழு மூன்று வழிகளை ஒருங்கே கையாண்டது. அவ்வாண்டு ஒக்டோபர் 23ஆம் நாள் திருத்தம் வெளியான வழு ஒன்று. எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொற்கள் மற்றொன்று. பென் டிரைவ் மூன்றாவது. பென் டிரைவைச் செருகியவுடன் அதிலுள்ள நிரலைத் தொடக்கத் துணைசெய்யும் 'ஓட்டோரன்' எனும் வசதியே இங்குப் பகைக்குத் துணையாயிற்று. பென் டிரைவின் வழியே அவ்வசதி இயங்காதவாறு செய்யும் திருத்தம் தன்னியக்கப் புதுப்பிப்பின் மூலம் எக்ஸ்பிக் கணினிகளுக்கு அனுப்பப்பட்டது 2011 பெப்ரவரியிலேதான். கடவுச்சொல் பற்றிய வியப்பான செய்தியொன்றும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. கடவுச்சொல்லே இல்லாத கணக்கை வலையமைப்பின் வழியே பயன்படுத்த எக்ஸ்பி இயல்பாக இடங்கொடாது. கணினியின் முன் அமர்ந்தவர்க்கே அது திறக்கும். ஆகவே தொலைவிலிருந்து வரும் தாக்குதலைப் பொறுத்தமட்டில், 12345 என்றாற்போன்ற நொய்ய கடவுச்சொல்லை இடுவதினும் இடாமை நன்று. கணினியருகே பிறர் வரக்கூடிய இடமாயின் இரண்டும் தகா.

ஓட்டோரனை நிறுத்திவிட்டால் பென் டிரைவ் தீங்கற்றது என எண்ணுவாரும் உளர். அது பிழை. 2010இல் வெளிப்பட்ட 'ஸ்ரக்ஸ்நெற்' எனும் நச்சுநிரல், பென் டிரைவில் உள்ள கோப்புகளின் சிறுபடங்களைத் திரையிற் காட்டும் செயலையே வாயிலாகக் கொண்டது. கோப்பைத் திறத்தல் வேண்டா, கோப்புறையைப் பார்த்தலே போதும். அதற்குரிய திருத்தம் 2010 ஓகஸ்ட் 2ஆம் நாள் வந்தது. இரண்டாம் சேவைப் பொதிக்கான ஆதரவோ அதற்கு மூன்று வாரம் முன்னர், யூலை 13ஆம் நாளே முடிந்திருந்தது. எனவே 2008ஆம் ஆண்டின் மூன்றாம் சேவைப் பொதியை நிறுவியிராத எக்ஸ்பிக் கணினி அத்திருத்தத்தைப் பெறவில்லை.

நிற்க. 2014 ஏப்பிரல் 8ஆம் நாளோடு எக்ஸ்பிக்கான ஆதரவு முற்றும் நின்றது. இதன் பொருளை மேலே கூறிய ஒட்டு உவமையோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். விண்டோஸ் விஸ்தா, 7 முதலியன எக்ஸ்பியின் நிரற்பகுதிகள் பலவற்றை வழிவழியாகப் பெற்றவை. அவற்றுக்கு ஒரு திருத்தம் வெளியாகுந்தோறும், அதே குறை எக்ஸ்பியிலும் உளதோ என ஆராய்வார்க்கு அது ஒரு குறிப்பு ஆயிற்று. புதியவை மேன்மேலும் செப்பமுற, பழையது அதனாலேயே மேன்மேலும் வெளிப்பட்டு நின்றது. காசு கொடுத்துக் காலநீட்டிப்புப் பெற்றோர் சிலர். பிரித்தானிய அரசு தன் அலுவலகங்களுக்கென ஓராண்டு நீட்டிப்புக்கு ஏறத்தாழ 55 இலட்சம் பவுண் செலுத்திற்று. வீட்டுப் பயனர்க்கு அவ்வழி இல்லை. ஆயினும் மைக்ரோசொப்ற் நிறுவனமே தன் சொல்லைப் பன்முறை தளர்த்தியது. 2014 மே 1ஆம் நாள் இன்ரநெற் எக்ஸ்புளோரர் உலாவிக்கும், 2017 மே மாதத்தில் கோப்புப் பகிர்வுச் சேவைக்கும், 2019 மே 14ஆம் நாள் தொலைவிலிருந்து திரையை இயக்கும் சேவைக்கும் எக்ஸ்பிக்குரிய திருத்தங்கள் வழங்கப்பட்டன. இம்மூன்றும் நிறுவப்படாத எக்ஸ்பிக் கணினியை வலையமைப்பு எதனோடும் இணைத்தல் தகாது.

இவற்றுள் 2017ஆம் ஆண்டு நிகழ்ச்சி பற்றிப் பிழையான கருத்தொன்று இன்றும் வழங்குகின்றது. அவ்வாண்டு மே 12ஆம் நாள் 'வன்னாக்கிறை' எனும் புழு உலகெங்கும் பரவி, கோப்புகளை மறைகுறியாக்கிப் பூட்டிவிட்டுப் பணயப்பணம் கேட்டது. துறை 445இன் வழியே நிகழும் கோப்புப் பகிர்விலிருந்த வழுவே அதன் வாயில். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவரகத்திடமிருந்து கசிந்ததெனப் பரவலாகக் கருதப்படும் கருவியொன்று அதன் கைவாள். இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவை பெரிதும் அல்லற்பட்டது. 236 மருத்துவச் சபைகளுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை இடர்ப்பட்டன. 19,000க்கு மேற்பட்ட நோயாளர் சந்திப்புகள் கைவிடப்பட்டிருக்கும் என மதிப்பிடப்பட்டது. வைத்தியசாலைகள் பழைய எக்ஸ்பியைப் பிடித்துக்கொண்டிருந்தமையே காரணம் எனச் செய்தித்தாள்கள் அக்கணமே தீர்ப்பு எழுதின. அந்நாட்டுத் தேசியக் கணக்காய்வு அலுவலகம் அவ்வாண்டு ஒக்டோபரில் வெளியிட்ட அறிக்கையோ வேறு கூறியது. தொற்றுக்குள்ளான கருவிகளுட் பெரும்பாலானவை விண்டோஸ் 7 உடையவை. ஆதரவு நின்றவை அல்ல. இரு மாதம் முன்னர், மார்ச் 14ஆம் நாளே வெளியான திருத்தத்தை நிறுவாதிருந்தவை அவை. எக்ஸ்பிக் கணினிகளோ, ஆய்வாளர் சோதித்தபோது, அப்புழுவின் தாக்குதலைத் தாங்காது நீலத்திரை காட்டி நின்றுவிட்டன. ஆகவே அவை அதனைப் பிறவற்றுக்குப் பரப்பியது குறைவு.

இதனை எக்ஸ்பிக்குச் சான்றிதழாகக் கொள்ளுதல் கூடாது. அது தப்பியது வலிமையாலன்று. பகைவன் செய்த கருவி அதற்குச் சரியாகப் பொருந்தாமையால். ஆயினும் முறைமையின் வயது மட்டுமே இடரை அளக்கும் கோல் அன்று என்பதற்கு இது தக்க சான்று. திருத்தம் பெறாத புதியதும், திருத்தமே இல்லாத பழையதும், பகைவன் நோக்கில் ஒன்றே.

அங்ஙனமாயின் எக்ஸ்பியை ஏன் இன்னும் வைத்திருத்தல் வேண்டும்? புதிய கணினி வாங்கப் பொருளின்மை ஒரு காரணம். அதனினும் வலியது, பழைய கருவிகளின் தேவை. நுணுக்குக்காட்டி, கடைச்சற்பொறி, மருத்துவச் சோதனைக் கருவி முதலியவற்றை இயக்கும் நிரல்கள் சில எக்ஸ்பிக்கென்றே எழுதப்பட்டன. கருவி நன்றாக இயங்கினும், அதனைச் செய்த நிறுவனம் புதிய நிரலைத் தாராது. கணினியின் பொருட்டுப் பெருவிலைக் கருவியைக் கழித்தல் அறிவுடைமை ஆகாது. தமிழுலகத்துக்கோ தனித்த காரணமொன்றும் உண்டு. ஒருங்குறி பரவுமுன் இலங்கைத் தமிழ் அச்சகங்கள் பலவும் பாமினி முதலிய எழுத்துருக்களில் தட்டெழுதி, பேஜ்மேக்கர் நிரலிற் பக்கங்களை அமைத்தன. அந்நிரலின் இறுதிப் பதிப்பு 2001ஆம் ஆண்டினது. மலர்கள், மாநாட்டுக் கட்டுரைகள், நினைவு நூல்கள் எனப் பல அக்கோப்புகளிலே கிடக்கின்றன. அவற்றை அமைத்தபடியே திறந்து பார்த்தற்குப் பழைய முறைமையே எளிதான வழி. ஆகவே எக்ஸ்பியை உடனே எறிக எனும் அறிவுரை எல்லார்க்கும் பொருந்துவதன்று.

காக்கும் வழியை ஆராயுமிடத்து முதற்கண் எழுப்பத்தக்க வினா, இக்கணினிக்கு இணையம் வேண்டுமோ என்பதே. கடைச்சற்பொறியை இயக்குதற்கும் பேஜ்மேக்கர் கோப்பைத் திறப்பதற்கும் இணையம் எதற்கு? மேலே கூறப்பட்ட புழுக்கள் யாவும் வலையமைப்பின் வழியாகவோ பென் டிரைவின் வழியாகவோ வந்தவை. முன்னையதைக் கழற்றிவிட்டால் இடரிற் பெரும்பகுதி ஒருசேர ஒழியும். வடத்தைப் பிடுங்குதல் ஒரு காசும் செலவில்லாதது. அதற்கு நிகரான காப்பு விலைக்குக் கிடைப்பதுமன்று. கம்பியில்லா இணைப்புடைய கணினியாயின் அதற்குரிய கருவியை முறைமையினுள்ளே செயலிழக்கச் செய்தல் வேண்டும்.

இதற்கு மாறாக, நல்ல நச்சுநிரற் கொல்லி ஒன்றை நிறுவிவிட்டால் போதும் எனக் கருதுவோர் பலர். இது பரவலான மயக்கம். நச்சுநிரற் கொல்லி முறைமையின் மேலே அமர்ந்து காவல் புரிவது. அடித்தளமே ஓட்டையுடையதாயின் காவலன் நின்ற நிலமே பகைவன் வசமாகும். அன்றியும், மைக்ரோசொப்ற் தன் சொந்தக் கொல்லிக்கு எக்ஸ்பியில் புதிய அடையாளக் குறிப்புகள் வழங்குதலை 2015 யூலை 14ஆம் நாளோடு நிறுத்திவிட்டது. பிற நிறுவனங்களும் ஒவ்வொன்றாக விலகின. பழைய அடையாளக் குறிப்புகளை உடைய கொல்லி பழைய பகைவரை மட்டுமே அறியும். உலாவியின் நிலையும் இதுவே. எக்ஸ்பியோடு பிறந்த இன்ரநெற் எக்ஸ்புளோரர் 6 பல குறைகளின் உறைவிடம். அம்முறைமை ஏற்கும் இறுதிப் பதிப்பு 8. குரோம் உலாவி 2016லும் பயர்பொக்ஸ் 2018லும் எக்ஸ்பியைக் கைவிட்டன. அன்றியும் இணையத்தளங்கள் இக்காலத்து வேண்டும் மறைகுறியாக்க முறைகளை எக்ஸ்பியின் சொந்த நூலகம் அறியாது. அது நம்பும் சான்றிதழ்கள் பலவும் காலாவதியாயின. எனவே அதில் வங்கிக் கணக்கைத் திறத்தலோ மின்னஞ்சல் பார்த்தலோ எந்நிலையிலும் விலக்கத்தக்கவை. அவற்றுக்கு மலிவான கைபேசியும் மேலானது.

பழைய நிரல் மட்டும் வேண்டும், பழைய பெட்டி வேண்டா எனும் நிலையில் சிறந்த வழி, புதிய கணினியொன்றினுள் மெய்நிகர்க் கணினியை அமைத்து அதில் எக்ஸ்பியை வைத்தல். வேர்ச்சுவல்பொக்ஸ் முதலிய நிரல்கள் இதற்கு உதவும். எக்ஸ்பி தான் தனியொரு பெட்டியில் இருப்பதாகவே எண்ணிக்கொண்டு இயங்கும். அதன் வலையமைப்பு அட்டையை அமைப்பிலேயே நீக்கிவிடலாம். தூய நிலையில் ஒரு நிழற்படியை எடுத்துவைத்து, வேலை முடியுந்தோறும் அந்நிலைக்கே மீளலாம். இதில் மறக்கத்தகாதது ஒன்றுண்டு: இரு முறைமைகளுக்கும் பொதுவான கோப்புறையும் ஒட்டுப்பலகையும் வசதியானவை, வசதியானவை யாவும் வாயில்களே. தேவைப்படும்போது திறந்து, பின் மூடுதல் நன்று. கருவிகளோடு நேரே இணைக்கப்படும் கணினிகளுக்கு மட்டும் இவ்வழி எப்போதும் ஒத்துவராது.

வீட்டு வலையமைப்பில் எக்ஸ்பியை இணைத்தே ஆகவேண்டும் எனின், அதனை ரவுட்டருக்குப் பின்னே வைத்தல் இன்றியமையாதது. உள்ளிருப்போர் கேளாத செய்தியை ரவுட்டர் பொதுவாக உள்ளே விடாது. ஆயினும் அது தெருவாயிற் காவலே. அதே வீட்டில் நோயுற்ற வேறொரு கணினி இருப்பின் அதனைத் தடுக்காது. ஆதலின் எக்ஸ்பியின் தீச்சுவரையும் விதிவிலக்கு எதுவுமின்றி எரியவிடுதல் வேண்டும். கோப்புப் பகிர்வு, தொலைவிலிருந்து திரையை இயக்கல், வலையமைப்பிற் கருவிகளைத் தேடல் முதலிய சேவைகளை நிறுத்திவிடலாம். கோப்புப் பகிர்வு பற்றி இன்னொன்றும் கூறல் தகும். எக்ஸ்பி அறிந்தது வன்னாக்கிறை பயன்படுத்திய அப்பழைய பகிர்வு நெறி ஒன்றே. புதிய விண்டோஸ் அதனை 2017இன் இறுதியிலிருந்து இயல்பாக நிறுவுவதில்லை. எக்ஸ்பியோடு கோப்புப் பகிர்தற்காகப் புதிய கணினியில் அதனை மீண்டும் ஏற்றுவோர், கிழவனுக்குத் துணையாக இளைஞனையும் நோயாளியாக்குகின்றனர்.

நாள்தோறும் செய்யும் வேலைக்கு நிருவாகி உரிமையில்லாத வரையறுத்த கணக்கொன்றை உண்டாக்கிப் பயன்படுத்துதல், எக்ஸ்பி தொடக்கத்திலிருந்தே தந்தும் பெரும்பாலார் கொள்ளாத காப்பு. பழைய நிரல்கள் சில நிருவாகி உரிமையின்றி இயங்க மறுக்கும் என்பது உண்மையே. அங்ஙனம் மறுக்கும் நிரல் எழுதும் கோப்புறை ஒன்றுக்கு மட்டும் அக்கணக்குக்கு எழுதும் உரிமை கொடுத்தால் அந்நிரல்களுட் பல அடங்கிவிடும்.

பென் டிரைவைப் பொறுத்தவரை, ஓட்டோரனை எல்லாவகைச் செருகுகருவிகளுக்கும் நிறுத்துதல் முதற்படி. அதற்குரிய பதிவேட்டு மதிப்பு 255. வெளியிலிருந்து வரும் கோப்புகளை முதலில் திருத்தம் பெற்ற புதிய கணினியிற் சோதித்து, பின் எழுதுதல் தடுக்கப்பட்ட வட்டிலோ சீடியிலோ இட்டு எக்ஸ்பிக்குக் கொண்டுசெல்லலாம். ஒருமுறை எழுதிய சீடியில் எந்த நச்சுநிரலும் தொற்றிக்கொள்ள இயலாது. பழமையின் நன்மைகளுள் இதுவும் ஒன்று. தமிழ் அச்சகத்தார் எழுத்துருக்களைக் கண்ட இடத்திலெல்லாம் பெற்று நிறுவும் வழக்கமும் கைவிடத்தக்கது. எழுத்துருக் கோப்பு வெறும் ஓவியமன்று. எக்ஸ்பி அதனை முறைமையின் கருவினுள்ளேயே பொருள்கொண்டு வரைகின்றது. 2011இல் அறியப்பட்ட 'டுக்கு' எனும் நச்சுநிரல், ஆவணமொன்றினுள் பொதிந்த எழுத்துருவின் வழியே முறைமை முழுவதையும் கைப்பற்றிற்று.

ஆதரவு நின்ற பின்னரும் திருத்தம் பெறும் உத்தி ஒன்று சிலரிடையே வழங்கியது. கடைகளின் பணப்பொறிகளுக்கென விற்கப்பட்ட எக்ஸ்பியின் உடன்பிறப்பொன்று 2019 ஏப்பிரல் வரை ஆதரவு பெற்றது. பதிவேட்டில் ஒரு குறிப்பைச் சேர்த்து, வீட்டுக் கணினி தன்னை அப்பணப்பொறியாகக் காட்டிக்கொண்டால் அத்திருத்தங்கள் வந்து சேரும். இவ்வாள்மாறாட்டத்தை மைக்ரோசொப்ற் ஏற்கவில்லை. அவ்வூற்றும் இப்போது வற்றிவிட்டது. பெயரறியார் தொகுத்து வழங்கும் 'முழுத் திருத்தப் பொதி'களை நம்புதல் மட்டும் விரும்பத்தக்கதன்று; காவலனைத் தெருவிற் பொறுக்கி எடுத்தல் போன்றது அது.

இவை யாவும் நச்சுநிரல் பற்றியன. இருபது ஆண்டு சுழன்ற வன்வட்டோ எவ்வித நச்சுநிரலும் இன்றியே ஒரு காலை நின்றுவிடக்கூடும். கருவியை இயக்கும் நிரலும் அதன் உரிமக் குறியீடும் அவ்வட்டில் மட்டுமே உளவாயின் இழப்பு மீளாதது. ஆகவே வட்டு முழுவதையும் அப்படியே படியெடுத்து, கணினியோடு இணையாத வேறோர் இடத்தில் வைத்தல், மேற்கூறிய காவல்கள் அனைத்துக்கும் முன்னரே செய்யத்தக்கது. பேஜ்மேக்கர் கோப்புகளை அவற்றின் எழுத்துருக்களோடு சேர்த்து வைப்பதுடன், பக்கங்களைப் பீ.டி.எவ். வடிவிலும் உரையை ஒருங்குறியிலும் மாற்றி வைத்தால், பழைய கணினியைச் சாரும் தேவையும் நாளடைவிற் குறையும்.

கடைசியில் அப்பெட்டியைக் கழிக்கும் நாளும் வரும். விற்பதற்கு முன் வட்டை வடிவமைத்துவிட்டால் உள்ளே இருந்தவை அழிந்தன எனப் பலரும் நம்புவர். எக்ஸ்பி செய்யும் வடிவமைப்பு, முழுமையானது எனப் பெயர் பெற்றதுங்கூட, பழுதுற்ற பகுதிகளைத் தேடிப் பார்த்துப் பெயர்ப்பட்டியலைப் புதுக்குமேயன்றித் தரவின்மேல் எதனையும் எழுதுவதில்லை. வட்டு முழுவதும் சுழியங்களை எழுதும் வழக்கம் விஸ்தாவிலேதான் தொடங்கிற்று. ஆகவே கடிதங்கள், படங்கள், கடவுச்சொற்கள் யாவும் மீட்டெடுக்கத்தக்க நிலையிலே வாங்குவோன் கைக்குப் போய்ச் சேரும். மேலெழுதி அழிக்கும் தனி நிரலொன்றை வட்டு முழுவதும் ஓடவிடுதல் வேண்டும். வட்டு இயங்கா நிலையினதாயின், அதனைக் கழற்றி உள்ளிருக்கும் தட்டுகளை உடைத்துவிட்டு எஞ்சிய பெட்டியை மட்டும் கொடுக்கலாம்.